‘ரன்’ பக்கத்தைப் பார்த்துத்தான் அகராதி வாங்குவேன்: ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் பத்தாம் பதிப்பு

அகராதி வாங்கக் கடைக்குப் போனால் நான் முன்னுரையைப் படிப்பதில்லை. அட்டையில் எத்தனை ஆயிரம் சொற்கள் என்று போட்டிருப்பதையும் பார்ப்பதில்லை. நேராக ‘ஆர்’ எழுத்துக்குப் போய் ‘ரன்’ என்ற சொல்லைத் தேடிப் பிடித்து, அந்தப் பக்கத்தை நின்றபடியே ஐந்து நிமிஷம் வாசிப்பேன். மூன்றெழுத்துச் சொல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். ஓடு, அவ்வளவுதான் என்று நினைப்போம். ஆனால் அந்தச் சொல்லை ஓர் அகராதி எப்படி வகை பிரித்து வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டால், மிச்சச் சொற்களை எப்படி நடத்தியிருக்கும் என்பது தெரிந்துவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு.

மதுரையில் வீட்டிலிருந்தபடியே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். கதை, கவிதை எதுவும் என்னிடம் வருவதில்லை. மிக்சி, கிரைண்டர், மோட்டார் பம்பு இவற்றின் பெட்டிக்குள் போடுகிற கையேடு, மருந்தோடு மடித்து வைக்கிற துண்டுச்சீட்டு, காப்பீட்டு விண்ணப்பம், துணிக்கடை லேபிள், இவைதான் என் வேலை. இருபத்தேழு வருஷம் ஆகிறது. இந்த வேலையில் கடினமான சொல் என்னை ஒருபோதும் தடுக்கியதில்லை. கடினமான சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான், தேடினால் கிடைத்துவிடும். தடுக்கிவிட்டதெல்லாம் ‘ரன்’, ‘செட்’, ‘டேக்’, ‘புட்’ மாதிரி எல்லோருக்கும் தெரிந்த சொற்கள்தான்.

இப்போது என் மேசையில் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியின் பத்தாம் பதிப்பு, 2020-இல் வந்தது. அதற்குக் கீழே, முதுகில் பழுப்பு டேப் ஒட்டியபடி, 1989-இல் வந்த நாலாம் பதிப்பும் இருக்கிறது. அதைப் பழைய புத்தகமாக 120 ரூபாய்க்கு வாங்கினேன். மீனாட்சியம்மன் கோயில் கீழக்கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்துக்குள் அப்போதெல்லாம் தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த காலம். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே, கல்தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அன்றைக்கும் நான் திறந்தது ‘ரன்’ பக்கத்தைத்தான். முப்பது வருஷத்துக்கு அப்புறம் புதுப் பதிப்பையும் அதே பக்கத்தில் திறந்துதான் வாங்கினேன். அந்தப் பக்கத்தை வைத்தே இந்த அகராதியைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில், அந்தச் சொல்லின் அளவு என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெரிய அகராதி ஒன்று உண்டு. 1884-இலிருந்து 1928 வரை பகுதி பகுதியாக வந்து முடிந்த வேலை அது. 1989-இல் 20 தொகுதிகளாக அதன் இரண்டாம் பதிப்பு வந்தபோது, அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு. பிறகு மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தம் செய்துகொண்டு வந்தபோது ‘ரன்’ அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள். அந்த ஒரு சொல்லைச் சீர்செய்ய பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் ஒன்பது மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பிள்ளையைச் சுமக்கிற காலம்.

645 பொருளையும் என்னை மாதிரி ஆளிடம் கொடுத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்கு வேண்டியது, இப்போது கண்முன்னே இருக்கிற வாக்கியத்தில் இருப்பது எந்த ‘ரன்’ என்று சட்டென்று காட்டிக் கொடுக்கிற கை. லேர்னர்ஸ் அகராதி அந்த வேலைக்கென்றே பிறந்தது. ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924-இல் ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப் போனார். அங்கே வகுப்பில் மாணவர்கள் எங்கெங்கே இடறி விழுகிறார்கள் என்று வருஷக்கணக்கில் பார்த்து, இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து ஓர் அகராதி செய்தார். அது 1942-இல் தோக்கியோவில் அச்சானது, உலகப் போருக்கு நடுவே. ஆக்ஸ்ஃபோர்டு அதை 1948-இல் தன் பெயரில் கொண்டுவந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை அவர் மனசில் வைக்கவில்லை. வெளியிலிருந்து அந்த மொழிக்குள் வருகிறவர்களைத்தான் வைத்தார். பத்தாம் பதிப்பைத் திறந்தாலும் அந்த வாத்தியார் பக்கத்தில் நிற்பது எனக்குத் தெரிகிறது.

‘ரன்’ பக்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கு முன்னாலும் பெரிய எழுத்தில் ஒரு சின்னத் தலைப்பு போட்டிருக்கிறார்கள். காலால் விரைந்து போவது, பந்தயம், அவசரம், நிர்வாகம், வண்டி அல்லது இயந்திரம், பஸ்ஸும் ரயிலும், திரவம், நிறம், உருகுவது, செய்தித்தாள், தேர்தல், காலுறை என்று வரிசையாகப் போகும். கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினால் போதும். நம் வாக்கியத்தில் மூக்கு இருந்தால் திரவத்தில் நிற்கலாம். வேட்பாளர் இருந்தால் தேர்தலுக்குப் போகலாம். என் பழைய நாலாம் பதிப்பில் இந்தத் தலைப்புகள் கிடையாது, எண் மட்டும்தான். ஒன்றிலிருந்து வாசித்துக்கொண்டே வர வேண்டும். அவசரத்தில் இருக்கிறவர்கள் எங்கே பொருந்துகிற மாதிரித் தெரிகிறதோ அங்கேயே நின்றுவிடுவார்கள். அப்படி நான் நின்ற கதையைச் சொன்னால்தான் அந்தத் தலைப்புகளின் அருமை விளங்கும்.

ஒரு பம்பு கம்பெனியின் கையேடு. அந்தக் கம்பெனிப் பம்பைத்தான் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதிக்கு மேல் மாட்டியிருப்பார்கள். எச்சரிக்கைப் பகுதியில் ஒரு வரி: பம்பு ‘ரன் டிரை’ ஆக விடாதீர்கள். நான் அகராதியைப் புரட்டினேன். ஆறு ‘ரன் டிரை’ ஆனால் வற்றிப்போனது என்று பொருள். கிணறும் அப்படித்தான். சரி, தண்ணீர் சமாசாரம்தானே என்று, ‘பம்பு வற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சாகியும் விட்டது. சில மாதம் கழித்து, எங்கள் தெருவில் போர்வெல் மோட்டார் பார்க்கிற தம்பி ஒருவர் அந்தக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. இங்கிலீஷ் தெரிந்த அக்கா என்று கேட்க வந்தவர்.

“அக்கா, இது என்ன சொல்லுது? பம்பு எப்படி வத்தும்? கெணறுதான வத்தும்?”

ஆங்கிலப் பக்கத்தைத் திருப்பி வாசித்துக் காட்டினேன். அவர் உடனே பிடித்துக்கொண்டார். “அதான பாத்தேன். தண்ணி இல்லாம ஓட விடாதேங்குறான். தண்ணி இருந்தாத்தானக்கா சீலு சூடாகாம இருக்கும்? வெறும ஓடுச்சுன்னா அஞ்சே நிமிசத்துல சீலு கருகிரும், அப்புறம் மோட்டாருக்குள்ள தண்ணி எறங்கிரும்.”

அங்கே ‘ரன்’ என்பது ‘ஆகிப்போவது’ என்ற பொருளில் வரவில்லை. இயந்திரம் ஓடுவது என்ற நேர்ப் பொருளில் வந்திருக்கிறது. ‘டிரை’ என்பது அது எந்த நிலையில் ஓடுகிறது என்று சொல்கிறது. ஆறு ‘ரன் டிரை’ ஆனால் ஆறு காய்ந்துபோகும். பம்பு ‘ரன் டிரை’ ஆனால் பம்பு ஓடிக்கொண்டுதான் இருக்கும், தண்ணீர்தான் இருக்காது. இரண்டு சொல்லும் அதேதான். முன்னால் நிற்கிற பெயர் மாறியதும் பொருள் தலைகீழாகிவிட்டது. நான் கம்பெனிக்கு எழுதி, அடுத்த அச்சில் ‘தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட விடாதீர்கள்’ என்று மாற்ற வைத்தேன். ஆனால் முதல் அச்சை நம்பி எத்தனை பேர் என்ன புரிந்துகொண்டார்களோ என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. பத்தாம் பதிப்பில் ‘வண்டி, இயந்திரம்’ என்ற தலைப்பு தனியாகவும் ‘ஆவது’ என்ற தலைப்பு தனியாகவும் எட்ட எட்ட நிற்கின்றன. பம்பு என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று அவை சொல்லிவிடும்.

அடுத்து ‘திரவம்’ என்ற தலைப்பு. எனக்கு இந்த அகராதியிலேயே மிகவும் பிடித்த ஒரு கையகல இடம். ஆறு, கண்ணீர், குழாய், மூக்கு, குளியல் தொட்டி, எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் ‘ரன்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறது. இது பின்னால் யாரோ உவமையாகச் சேர்த்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மூத்த வடிவத்துக்கே ஓடுவது, ஒழுகுவது இரண்டும் பொருள். ஜெர்மனில் இன்றைக்கும் இதன் உறவுச் சொல் ஒன்று தண்ணீர் ஒழுகுவதைக் குறிக்கிறது. அவர்கள் ஒரே சொல்லில் முடித்ததைத் தமிழில் நாம் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறோம். ஆறு ஓடுகிறது. கண்ணீர் வழிகிறது. மூக்கு ஒழுகுகிறது. மெழுகு உருகி வடிகிறது. வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது. குழாய் ‘ரன்’ ஆனால் நாம் குழாய் ஓடுகிறது என்று சொல்வதே இல்லை, ‘யாரு பைப்பைத் தெறந்து போட்டது?’ என்றுதான் வீட்டில் சத்தம் கேட்கும். குளிக்கத் தொட்டியில் தண்ணீர் ‘ரன்’ பண்ணுவது நமக்குத் தண்ணீர் பிடித்து வைப்பது.

நிறம் ‘ரன்’ ஆவதில் எனக்கு ஒரு நாள் முழுக்கப் போயிருக்கிறது. சுங்குடிச் சேலைக்கு ஒரு லேபிள். முதல் இரண்டு அலசலில் நிறம் ‘ரன்’ ஆகலாம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. ‘சாயம் போகலாம்’ என்று எழுதினேன். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயம் போகும் என்றால் வாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இரண்டு மாதத்தில் வெளுத்துப்போய்விடும் என்றுதான். ஆங்கில வாக்கியம் சொல்வது அது இல்லை. சாயம் தண்ணீரில் இறங்கி, கூடக் கிடக்கிற வெள்ளை வேட்டியில் ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான். சேலை வெளுப்பது பற்றிப் பேச்சே இல்லை. வெளுப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஃபேட்’ என்று வேறு சொல் இருக்கிறது. நாம் இரண்டுக்கும் ‘சாயம் போகும்’ என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். லேர்னர்ஸ் அகராதி ‘நிறம்’ என்று தலைப்புப் போட்டு, துணி நனையும்போது சாயம் பரவி மற்ற இடத்தில் சேர்வது என்று விளக்கியிருப்பதால்தான் எனக்கு அந்த வித்தியாசம் கண்ணில் பட்டது. கடைசியில், ‘முதல் இரண்டு அலசலில் சாயம் இறங்கும். தனியாக அலசுங்கள்’ என்று எழுதினேன். கடைக்காரருக்குச் சந்தோஷம்.

இந்த இடத்தில் ஒத்தசொல் அகராதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் இப்போது அகராதிக்குப் போகாமல் நேராக அங்கேதான் போகிறார்கள். பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852-இல் வெளியிட்ட தெசாரஸ் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அது வந்தபோது அவருக்கு 73 வயசு. அகர வரிசையை விட்டுவிட்டு, உலகத்துக் கருத்துகளையெல்லாம் ஆயிரம் தலைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் அதைச் சேர்ந்த சொற்களைக் கூட்டி வைத்தார். நம் நிகண்டுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஏற்பாடு அந்நியமாகத் தெரியாது. திவாகரமும் பிங்கலமும் தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று வகை வகுத்து ஒரு பொருளுக்குப் பல பெயரை அடுக்கியவைதான். சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதியே ‘ஒருசொல் பல்பொருள்’ என்று தனியாக இருக்கிறது.

ஆனால் ரோஜேயின் புத்தகம் மறந்துபோன சொல்லை ஞாபகப்படுத்துகிற புத்தகம். ஏற்கெனவே அந்தச் சொல்லோடு பழகியவர்களுக்குத்தான் அது உதவும். பழகாதவர்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைப் போன வருஷம் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை, பதினொன்றாம் வகுப்பு, தன் பாட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். டீச்சர் ‘ரன்’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதே என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை கைபேசியில் ஒத்தசொல் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறாள். பாட்டி காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள் என்ற இடத்தில் ‘போல்ட்’. மழை வந்ததும் காய்கிற வற்றலை எடுக்க ஓடினாள் என்ற இடத்தில் ‘ஸ்கட்டில்’.

“பெரியம்மா, எல்லாமே ஓடுறதுன்னுதான போட்டிருக்கு?”

ஓடுவதுதான். ஆனால் யார் ஓடுவது, எதற்கு ஓடுவது? இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து லேர்னர்ஸ் அகராதியில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். ‘போல்ட்’ என்றால் மிரண்டுபோன குதிரை கட்டை அறுத்துக்கொண்டு பாய்வது போல ஓடுவது. ‘ஸ்கட்டில்’ குட்டிக் குட்டிக் காலை வேகமாக வைத்து ஓடுவது. கடற்கரையில் நண்டு வளைக்கு ஓடுமே, அதற்குப் பொருந்தும். ‘ஸ்கேம்பர்’ பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கும் அணில் மாதிரிச் சிறு பிராணிகளுக்கும். ‘ஸ்பிரின்ட்’ கொஞ்ச தூரத்தை முழு வேகத்தில் கடப்பது. ‘ஜாக்’ உடம்புக்காக நிதானமாக ஓடுவது. ‘டேஷ்’ ஒரு காரியத்துக்காகச் சட்டென்று ஓடுவது. வற்றல் எடுக்கப் போன பாட்டிக்கு ‘டேஷ்’ சரி என்று அவளே கண்டுபிடித்தாள். அந்த நிமிஷம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு அவளுக்குச் சொன்ன இன்னொரு விஷயம், எனக்கே அப்போதுதான் துலங்கியது. ஓடுகிற விதம் மாறினால் ஆங்கிலம் வினைச்சொல்லையே மாற்றிவிடுகிறது. நாம் ‘ஓடு’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் ஒன்றைச் சேர்க்கிறோம். குடுகுடுவென்று ஓடினான். விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். தலைதெறிக்க ஓடினான். பின்னங்கால் பிடரியில் பட ஓடினான். ஓட்டமும் நடையுமாக வந்தாள். சேதி கேட்டு ஓடோடி வந்தாள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிற பிள்ளைக்கு இதுதான் வேண்டியது. முதலில் அது எந்த ஓட்டம் என்று தமிழில் கேட்டுக்கொண்டால், பட்டியலில் எதை எடுப்பது என்று கை தானாகப் போகும். ஒத்தசொல் பட்டியல்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. விளக்கமும் மாதிரி வாக்கியமும் கொடுக்கிற அகராதி கேட்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியமும் என்னிடம் உண்டு. அ. சிதம்பரநாதச் செட்டியார் தலைமையில் 1960-களில் வந்த பெரும் உழைப்பு. இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். சட்டச் சொல், மருத்துவச் சொல் என்று வந்தால் நான் முதலில் போவது அங்கேதான். அதில் இருக்கிற தமிழ்ச் சொல்வளம் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் ‘ரன்’ மாதிரி ஒரு சொல்லுக்கு அது தமிழ்ச் சொற்களை அடுத்தடுத்து நெருக்கமாக வைத்துக்கொண்டே போகிறது, மாதிரி வாக்கியம் இல்லாமல். பொருள் முழுக்க அங்கே இருக்கும். எதை எடுப்பது என்பது நம் பொறுப்பு. அதனால் லேர்னர்ஸ் அகராதியில் எந்த ‘ரன்’ என்று தீர்மானம் செய்துகொண்டு, அப்புறம் சொற்களஞ்சியத்துக்குப் போய்த் தமிழ்ச் சொல் தேடுவேன். இந்த வரிசை மாறினால் வேலை கெட்டுப்போகிறது.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், பல பொருள் உள்ள ஒரு சொல்லின் பொருள் எதனால் தெளிவாகும் என்று சொல்லும்போது மூன்றைச் சொல்கிறது: அதோடு வருகிற வினை, அதன் இனம், அதன் சார்பு. ‘மா பூத்தது’ என்றால் மாமரம். ‘மா ஓடியது’ என்றால் விலங்கு. கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தபோது எனக்கு அது வெறும் நூற்பா. பம்பு விஷயத்துக்கு அப்புறம்தான் அது என் தொழிலுக்கே எழுதிவைத்த விதி என்று புரிந்தது. ஹார்ன்பியின் அகராதி தலைப்பு போட்டுச் செய்கிற காரியமும் இதுதான். அங்கே வினை ஒன்றே; பெயர்தான் மாறி மாறி வருகிறது. கூட நிற்பதை வைத்துப் பொருளைத் தெரிந்துகொள் என்கிற முறை ஒன்றுதான்.

‘நிர்வாகம்’ தலைப்பில் எனக்கு அதிகம் சிரமம் இல்லை. கடை நடத்துவது, வகுப்பு எடுப்பது, பண்டிகைக்கு ஸ்பெஷல் ரயில் விடுவது, எல்லாம் ‘ரன்’தான். அரசு அறிவிப்பாக இருந்தால் ‘சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படும்’. வீட்டில் பேசுவதாக இருந்தால் ‘தீபாவளிக்கு பஸ் விடுறாங்களாம்’.

தேர்தல் பக்கம் சுவாரசியமானது. அமெரிக்காவில் அதிபர் பதவிக்கு ‘ரன்’ பண்ணுகிறார்கள். பிரிட்டனில் அதே காரியத்துக்கு ‘ஸ்டேண்ட்’ என்பார்கள். அகராதி அதைக் குறித்தே காட்டுகிறது. ஒரே மொழிக்குள் ஒரு கரையில் வேட்பாளர் ஓடுகிறார், மறுகரையில் நிற்கிறார். நம் ஊரிலும் ‘இந்தத் தடவை யாரு நிக்கிறா?’ என்றுதான் டீக்கடையில் கேட்பார்கள். இது தெரியாமல், கைபேசிச் செயலி செய்து கொடுத்த மொழிபெயர்ப்பைத் திருத்தச் சொல்லி ஒரு கட்டுரை எனக்கு வந்தது. அதில் ஒருவர் ஆளுநர் பதவிக்கு ‘ஓடினார்’ என்று நாலு இடத்தில் இருந்தது. நாலையும் ‘போட்டியிட்டார்’ என்று மாற்றினேன். கிரிக்கெட் ‘ரன்’னைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் அதை ‘ஓட்டங்கள்’ என்று போடுவதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நன்றாக இருக்கிறது. நாமும் போடலாம்.

‘டிரை ரன்’ என்பதற்கு அதே செயலி ‘உலர் ஓட்டம்’ என்று கொடுத்தது. புதுத் தேர் செய்தால் சாமியை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை வெறும் தேரை இழுத்துப் பார்ப்பார்கள். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். எத்தனை நூறு வருஷமாக நம்மிடம் இருக்கிற சொல்! ஆங்கிலத்துக்காரர்கள் சொல்கிற அதே பொருள், ஓட்டமும் உள்ளேயே இருக்கிறது. அதைப் பேருந்துக்கும் கப்பலுக்கும் மென்பொருளுக்கும் தாராளமாகச் சொல்லலாம். ‘உலர் ஓட்டம்’ என்று அச்சில் வருவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை.

இந்த அகராதியில் எனக்கு உள்ள குறைகள் இரண்டு. பொருள்களெல்லாம் முடிந்த பிறகுதான் மரபுத்தொடர்கள் வருகின்றன, அதற்கும் பிறகுதான் ‘ரன் இன்டு’, ‘ரன் அவுட்’, ‘ரன் ஓவர்’, ‘ரன் அப்’ போன்ற கூட்டுவினைகள். உண்மையில் பிள்ளைகள் தடுமாறுவது அந்தக் கடைசிப் பகுதியில்தான். வழியில் ஒருவரை எதிர்பாராமல் பார்ப்பது, சர்க்கரை தீர்ந்துபோவது, வண்டி ஏறிவிடுவது, கடன் ஏறிக்கொண்டே போவது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத காரியங்கள். மேலே இருக்கிற மாதிரி பளிச்சென்ற தலைப்பு அங்கேயும் இருந்திருந்தால் தேடுவது சுலபமாக இருக்கும். இன்னொன்று எழுத்தின் அளவு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விளக்கு வெளிச்சத்தில் எனக்குக் கண் வலிக்கிறது. செயலியாகவும் கிடைக்கிறது, அதில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், உச்சரிப்பும் கேட்கலாம். ஆனாலும் ‘ரன்’ மாதிரிச் சொல்லுக்குத் தாள்தான் நல்லது. பக்கம் முழுவதும் ஒரே பார்வையில் விரிந்து கிடந்தால்தான் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும். கைபேசியில் ஒரு பொருளைப் பார்க்கும்போது மற்றது மேலே போய் மறைந்துவிடுகிறது.

முக்கியமான 3000 சொற்களுக்குச் சாவி அடையாளம் போட்டு, எந்த நிலையில் கற்க வேண்டியது என்றும் குறித்திருக்கிறார்கள். விளக்கங்களும் பெரும்பாலும் அந்த எளிய சொற்களுக்குள்ளேயே முடிகின்றன. அதனால் ஒரு விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு சொல்லைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இதை வாங்கலாம் என்று தயங்காமல் சொல்வேன். புதுசு விலை அதிகம் என்றால் பழைய புத்தகக் கடையில் ஏழாம் பதிப்போ எட்டாம் பதிப்போ கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்புகள் அவற்றிலும் உண்டு. நாலாம் பதிப்பு வேண்டாம்.

நாலாம் பதிப்பை நான் மட்டும் வைத்திருக்கிறேன், அதன் ‘ரன்’ பக்கத்து ஓரத்துக்காக. ஒவ்வொரு பொருளுக்கு எதிரேயும் பென்சிலில் தமிழ் எழுதி வைத்திருக்கிறேன்: ஒழுகு, வழி, வடி, இறங்கு, நில், விடு, நடத்து, தண்ணீர் இல்லாமல் ஓடு. புதுப் பதிப்பு வந்ததும் எல்லாவற்றையும் அதில் பெயர்த்து எழுதினேன். காலுறை என்ற தலைப்புக்கு எதிரே மட்டும் ஓரம் வெள்ளையாகவே இருந்தது. மெல்லிய காலுறையில் ஓர் இடத்தில் இழை விட்டுப்போய் நீளவாக்கில் கோடு மாதிரி பிரிந்துகொண்டே போவதற்கு அமெரிக்காவில் ‘ரன்’ என்பார்கள். பிரிட்டனில் ஏணிக்கு உள்ள சொல்லைச் சொல்வார்கள். நாம் அந்தக் காலுறையைப் போடுவதில்லையே, இதற்கு எங்கிருந்து சொல் வரும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற என் சித்தி மகன் வந்திருந்தான். மடிக்கிற பனியன் ஒன்றைக் காட்டி, இது இப்படி நீளமாகப் பிரிந்துபோனால் என்னடா சொல்வீர்கள் என்று கேட்டேன். அவன் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓர் இடத்தில் விரலை வைத்தான். “இங்க ஒரு கண்ணி விட்டுருச்சுன்னா போதும்க்கா. அப்படியே கீழ வரைக்கும் ஓடிரும்.”

பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டேன்.